காணொளியில் யாசின் நலமாக இருக்கிறான்

2071 பிப்ரவரி 9, 08:00. வழக்கப் பதிவு

நிலவின் தென்துருவம், வெண்குழி நிலையம். எழுதுவது நிலையப் பொறியாளர் ரெக்சலின் மோத்தா. உடனிருப்பவன் துளைப்பான் இயக்கும் முகமது யாசின், காயல்பட்டினத்துக்காரன். வேறு ஆளில்லை. பனி எடுப்பு சீர். காற்று, வெப்பம், அழுத்தம் சரி.

சென்னைத் தலைமையகத்திலிருந்து விளம்பரப் பிரிவுத் தலைவர் கிருத்திவாசனின் செய்தி: “மேடம், இனிமே படம் எடுக்க அங்க ஆள் அனுப்ப மாட்டோம். ஏஐ வீடியோ சாஃப்ட்வேர் வாங்கியாச்சு. உங்க ரெண்டு பேர் முகம், குரல் எல்லாம் எங்ககிட்டயே இருக்கு. ஸ்க்ரிப்ட் அடிச்சா போதும், நீங்களே பேசுவீங்க.”

நான் பேசுவேனாம். எனக்கே புதுச் செய்தி.

பிப்ரவரி 13, 11:20. மாதிரிப் படம்

வந்தது, பார்த்தோம். நிலையத்துக்கு வெளியே தலைக்கவசம் இல்லாமல் நிற்கிறேன். முடி காற்றில் பறக்கிறது. நிலவில் காற்று! யாசின் சிரித்து ஓய வெகுநேரமானது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படக்குழுவை இங்கே ஏற்றி இறக்கும் செலவில் அந்த மென்பொருளை ஒரு தலைமுறைக்கு ஓட்டலாம். கேட்ட மொழியில், கேட்ட மணியில் படம் கிடைக்கும். கையில் காசில்லாத சிறு கடைக்காரர் அதை வைத்து நாலு வாடிக்கையாளரைப் பிடித்தால் வாழ்த்துவேன். இவர்கள் கடைக்காரர்கள் இல்லை. மனித உயிரைக் குழாயில் மாட்டி வேலை வாங்குபவர்கள். மிச்சமான பணத்தில், படங்களைச் சரிபார்க்க ஒரு பொறியாளரையாவது வையுங்கள் என்று எழுதினேன்.

பதில்: “சரிபார்க்க ஆள் வெச்சா அப்புறம் சேமிப்பு எங்க மேடம்?”

இதைச் சொல்ல அந்த மனிதருக்கு மாதச் சம்பளம்.

பிப்ரவரி 20, 15:40. விபத்து

சரக்குக் கலத்தில் புது நீராவிக் குழாய் வந்தது. செயல்முறைக் கையேடு வரவில்லை. அதற்குப் பதில் பயிற்சிக் காணொளி. அதில் வால்வை மூடிக் காட்டுவது யாசின். அவன் வாழ்நாளில் தொட்டிராத வால்வை அவன் முகமே அவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

வெளியே போனவன் கவச வானொலியில் சொன்னது: “அக்கா, வீடியோல நான் திருப்புற மாதிரியேதான் திருப்புறேன். ஆனா மூடல. அழுத்தம் ஏறுது.”

“விட்டுட்டு வா யாசின்! ஓடி வா!”

குழாய் வெடித்தது. அந்த மென்பொருளுக்கு வலமும் ஒன்றுதான், இடமும் ஒன்றுதான். கை அழகாகத் திரும்பினால் போதும்.

இழுத்து உள்ளே கொண்டுவந்துவிட்டேன். விலா எலும்புகள் நொறுங்கியிருக்கின்றன. வாயில் ரத்தம். வெடிப்பில் காற்றுச் சுத்திகரிப்பானும் பாதி செத்துவிட்டது.

பிப்ரவரி 20, 18:05. மீட்பு வேண்டுகோள்

தலைமையகத்தின் பதில்: “மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா இந்த வாரம் பங்கு வெளியீடு. இப்ப மீட்புக் கலம்னு செய்தி போனா எல்லாம் காலி. ஒரு வாரம் சமாளிங்க, ப்ளீஸ்.”

ப்ளீஸ் போட்டிருக்கிறார். பண்பாளர்.

பிப்ரவரி 21, 10:30

சென்னையிலுள்ள நிலவு மீட்பு அலுவலகத்தை நேரடியாகக் கூப்பிட்டேன். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகவே பேசினார்: “உங்க நிறுவனத்தைக் கேட்டோம்மா. இன்னிக்குக் காலையில எடுத்த வீடியோவை முத்திரையோட அனுப்பியிருக்காங்க. நீங்களும் யாசினும் டீ குடிச்சிட்டு இருக்கீங்க. போலி அபாய அழைப்பு நிறைய வருது. முத்திரை உள்ளதைத்தான் நாங்க நம்பணும்.”

கவசக் கேமராவில் எடுத்த உண்மைப் படத்தை அனுப்பினேன். இருட்டு, ஆட்டம், யாசினின் முனகல். மறுபடி அதே அதிகாரி: “எங்க சோதனைக் கருவி இதைப் போலின்னு சொல்லுது. வெளிச்சம் இயல்பா இல்லையாம். மன்னிச்சிடுங்க.”

அவர்கள் படத்தில் வெளிச்சம் இயல்பாக இருந்திருக்கும். டீயில் ஆவிகூடப் பறந்திருக்கும்.

பிப்ரவரி 22, 13:15

யாசினின் மனைவி சித்தி ஃபாத்திமா ஒலிச்செய்தி அனுப்பியிருந்தாள். அவன் காதருகே வைத்துப் போட்டேன்.

“வீடியோ பார்த்தோம்ங்க. புள்ள உங்க முகத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா. அடுத்த வருஷமும் அங்கயே இருக்கேன்னு சொல்லிட்டீங்களே, ஏங்க? எங்க ஞாபகமே இல்லையா?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குரல் வரவில்லை. என் கையைப் பிடித்துத் தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு நின்றுவிட்டது.

பிப்ரவரி 23, 09:00

மரணத்தைத் தெரிவித்தேன். கிருத்திவாசன் அல்ல, அவரது தானியங்கிப் பதில் வந்தது: “உங்கள் புதிய காணொளி தயாராகிறது.”

என் தலை வலிக்கிறது. உள்காற்றில் கரியமில வாயு ஏறுகிறது. எழுத்து கோணுகிறது. இயந்திரத்தில் எழுதினால் திருத்திவிடுவார்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 24. மணி பார்க்கவில்லை

மாதம் ஒருமுறை திறக்கும் குடும்பத் தொலைபேசி இணைப்பு இன்று திறந்தது. தூத்துக்குடியில் தங்கை பெனிட்டா எடுத்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மீட்பு அலுவலக வாசலில் போய் நின்று கத்து என்றேன்.

“யாரு நீங்க? கம்பெனில ஏற்கெனவே சொல்லிட்டாங்க, அக்கா குரல்ல பணம் பறிக்கிறவங்க பேசுவாங்கன்னு. எங்கக்கா நேத்துதான் வீடியோல வந்தா. நல்லா இருக்கா.”

“பெனி, நான்தாம்ட்டி. அப்பா சவப்பெட்டியில யாருக்கும் தெரியாம உன் செவப்பு ரிப்பன வச்சியே. நான் பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் யார்ட்டயும் சொல்லல.”

அவள் அழத் தொடங்கினாள்.

“அதையுமா களவாண்டுட்டீங்க? பாவிகளா, அதையுமா?”

வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டேன். தடை செய்திருக்கிறாள். புத்திசாலிப் பெண். நான்தான் அப்படி வளர்த்தேன்.

இதைக் கண்டெடுப்பவரே, இது கையெழுத்து. உங்கள் கருவி என்ன சொன்னாலும் சரி, எழுதியது நான். நான்தா