நாசிலில் பல் தடம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஆண்டவன் துணையால் நானும் மகளும் சுகம். நீங்களும் சுகம்தானே என்று வழக்கம்போல் கேட்டுவிட்டுத் தாண்டிப் போக இந்த முறை மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுத் தையற்காரி வந்து, "அக்கா, ரோஜாவையெல்லாம் பூச்சி அரிக்குது. உங்க வீட்டுக்காரர் மருந்தடிக்கிற டேங்க் சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டாள். நீங்கள் வெளியூர்த் தோட்ட வேலைக்குப் போகும்போது குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனதை எடுத்தேன். கனத்தது. மூடியைத் திறந்தால், அப்பப்பா! நாலு மாதத்து மருந்து பச்சையும் பழுப்புமாய்த் திரண்டு, மேலே ஆடை கட்டி, வடிகட்டியில் சளிபோல் தொங்குகிறது. தையற்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதை அடிக்கவே வேணாம்க்கா, காட்டினாலே பூச்சி செத்துடும்" என்று சொல்லி ஓடியே போனாள். இதற்கு இரண்டடி தள்ளித்தான் மகள் தினமும் குளித்திருக்கிறாள்.

உள்ளே கிடந்தது, மருந்து அளக்க நீங்கள் எடுத்த என் எண்ணெய்க் கரண்டி! அது காணாமல் போன தேதியை நோட்டில் குறித்து வைத்து, பாவம், தையற்காரியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உரக்கடைக்காரரிடம் போய் விசாரித்தேன். பழைய மருந்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாதாம். மூடியுள்ள கேனில் ஊற்றி, 'விஷம்' என்று எழுதிப் பூட்டி வைத்து, கழிவு வண்டி வரும்போது சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டுமாம். கையுறை போட்டு, முகத்தை மூடிக்கொண்டு, பின்வாசலில் வைத்துக் கழுவினேன். மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, குழாய் வழியாகவும் அடித்து, அந்தத் தண்ணீரையும் அதே கேனில் பிடித்தேன். கரண்டியும் அதோடு போகட்டும்.

குழாய் முனையில் மருந்து பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கும்போதுதான் பார்த்தேன். நுனி முழுக்கப் பல் தடம். அடைத்துக்கொண்டால் வாயில் வைத்தா ஊதுவீர்கள்? சீ! அந்த வாயால்தானே மகளைக் கொஞ்சினீர்கள்!

"நாக்கு மரத்துப் போச்சு, இந்த மெஸ்காரன் உப்பே போடறதில்லை" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நானும் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மற்றவர்களும் உப்பில்லை என்றா சொல்கிறார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை.

உங்களைத் திட்டி முடித்த பிறகு என்மேல்தான் அருவருப்பு வந்தது. "காசு கொடுத்து வாங்கினது, மிச்சத்தைக் கொட்டாதீங்க, அடுத்த தடவைக்கு ஆகும்" என்று சொன்னவள் நான்தானே. சோற்றுக்குச் சொல்வதை விஷத்துக்கும் சொல்லியிருக்கிறேன். மிஞ்சினது தங்கப்போய்த்தானே அடைத்தது, அடைக்கப்போய்த்தானே ஊதினீர்கள்.

இனி அங்கேயும் வேண்டிய அளவுக்கு மட்டும் மருந்தைக் கலக்குங்கள். அடித்த அன்றே கழுவுங்கள். நாசிலை வாய்ப்பக்கம் கொண்டு போகாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, கூலி போனாலும் போகட்டும், டாக்டரிடம் போங்கள். மருந்து டப்பாவில் உள்ள பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போய், ஊதியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். நான் பயப்படுவேன் என்று பாதியை விழுங்கிவிடாதீர்கள்.

ஆண்டவன் உங்களை முழுசாக என்னிடம் திருப்பித் தரட்டும். என்னை மன்னிப்பதை அவர் மெதுவாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா