கூண்டில் காட்டிய சாம்பிராணி

14.3.1981, சனி இரவு

காலையில் பார்த்தபோது கூண்டில் பிஞ்ச் குருவியின் நான்கு குஞ்சுகளும் செத்துக் கிடந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அப்பா பேப்பரில் சுற்றி ரப்பர் பால்மரத்தடியில் புதைத்தார்.

"இந்தத் தாய் சரியில்லலா. ரெண்டு தடவையும் தீனி கொடுக்காம சாகடிச்சிருச்சு. நாளைக்கு ஈப்போ டவுன்ல குருவிக் கடைக்காரன்கிட்டயே கொடுத்துட்டு வாரேன்."

"அது மூஞ்சியப் பாருங்க, அதுவா சாகடிக்கும்?" என்றார் அம்மா.

நேற்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குச் சாம்பிராணி காட்டும் வேலை என்னுடையது. குஞ்சுகளுக்குக் கண்ணு படக்கூடாது என்று தூபக்காலைக் கூண்டுக்கு அடியில் வைத்து, புகை வெளியே போகாமல் சாக்கால் மூடினேன். கொஞ்ச நேரம்தான். தாய்க்குருவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. போன தடவை குஞ்சுகள் செத்ததும் சனிக்கிழமைதான். அதற்கு முந்தின நாளும் இப்படித்தான் காட்டினேன்.

சொன்னால் அப்பா பெல்ட்டை எடுப்பார். சொல்லாவிட்டால் விடிந்ததும் குருவியைக் கொண்டுபோய்விடுவார்.

இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். வெறும் கூட்டில் இறக்கையை விரித்து அடைகாக்கிறது. கூட்டில் இன்னும் சாம்பிராணி வாசம் போகவில்லை.

பக்கத்தில் குருவியைக் கொண்டுபோக, என் பள்ளிக்கூடச் சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. அது வழியில் மூச்சுவிட வேண்டும் என்று, அப்பா மூடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார். சாக்கைப் போட்டு மூடியபோது எனக்கு அது தோன்றவே இல்லை.