வாங்கிவிட்ட வெற்றிலை

மே 9

மகனே தெனுவன், எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா? காது இன்னும் இரைகிறதா?

நமக்கு நடுவில் ஒரு சுவர்தான். நீ அந்தப் பக்கம் படுத்திருக்கிறாய், நான் இந்தப் பக்கம் எழுதுகிறேன். நேரில் கேட்டால் திரும்பிப் படுத்துக்கொள்கிறாய். அதனால் இங்கே கேட்கிறேன்.

பல்கலைக்கழக விடுதியில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சீனியர்கள் ஒரு அசிங்கப் பேர் வைப்பார்களாம். உனக்கு வைத்த பேரில் உன் அம்மாவையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் 'ஆமாம்' என்று நிற்க வேண்டுமாம். நீ நிற்கவில்லை. கவிஷ்க என்பவன் அறைந்ததில் காதுச் சவ்வு கிழிந்துபோனது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் நீ போலீசுக்குச் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டது. எனக்கென்று நீ எதுவும் சொல்லவில்லை.

வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்ட மூங்கில் பிளந்து வைத்திருக்கிறேன். என் கூட்டாளி ஹீன்பண்டா வீட்டு மூங்கில். அந்தப் புதரில்தான் ஒரு தடவை அவன் வேட்டியை முள்ளிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான். கரடி துரத்தியதாம், பார்த்தால் அவனுடைய எருமை. சரி, அது கிடக்கட்டும். நீ வந்தால் கூடு கட்டலாம்.

மே 12, வெசாக்

என்ன செய்துவிட்டேன்?

காலையில் கவிஷ்க வந்தான், தாய் தகப்பனோடு. பன்சலையில் புத்தரைக் கும்பிட்டுவிட்டு நேராக, மூன்று பேரும் வெள்ளை உடையில். பையன் முற்றத்திலேயே முழங்காலிட்டு, காம்பு என் பக்கம் இருக்கும்படி வெற்றிலைக் கட்டை நீட்டினான். என் கை தானாகப் போனது. வெற்றிலையோடு ஒருவன் முழங்காலிட்டால் வாங்காமல் நின்றதே இல்லை இந்தக் கை. வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

தகப்பன் உடனே சொன்னார்: "அப்ப மனஸ்தாபம் தீர்ந்திச்சு. பல்கலைக்கழக விசாரணைக்கு இனி என்ன வேலை, அண்ணே?"

தேத்தண்ணீர் வேறு கொடுத்தேன், பனங்கட்டியோடு.

அவர்கள் போனதும் திரும்பினால், நீ கதவில் நிற்கிறாய்.

"அவன் அடிச்சது உங்க காதிலயா, அப்பச்சி?"

வீட்டுக்கு வந்தபின் என்னிடம் நீ பேசிய முதல் பேச்சு அதுதான். பையை எடுத்துக்கொண்டு குருநாகலுக்குப் போய்விட்டாய், அத்தை வீட்டுக்கு.

மே 13

கூட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். விளக்கு ஏற்றவில்லை.

மே 19

உன் அம்மா என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "கையை நீட்டி வாங்கிக்கோங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே" என்கிறாள்.

அத்தை போன் எடுத்தாள். "சாப்பிடுறான், தூங்குறான், அண்ணே. உங்களோட மட்டும் கதைக்க மாட்டானாம்."

கடை வாசலில் இன்று யானைக் கதை சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குத்தான் ருசிக்கவில்லை. நீ இருந்திருந்தால் இடையில் விழுந்து, "போன தடவை ரெண்டு யானை, இப்ப நாலா? குட்டி போட்டிச்சா, அப்பச்சி?" என்று மானத்தை வாங்கியிருப்பாய். மானம் போனால் போகட்டும். அந்தக் குரல் எப்போது கேட்கும்?

மே 27

ஜூன் மூன்றாம் தேதி பல்கலைக்கழகத்தில் விசாரணை. 'வெற்றிலை வாங்கிவிட்டார்கள், சமாதானமாகிவிட்டது' என்று கவிஷ்கவின் தகப்பன் அங்கே சொல்லிவிட்டாராம். நீ தனியாகப் போய் நின்றாலும், உன் தகப்பனே மன்னித்த பிறகு உனக்கு என்னடா என்று கேட்பார்கள்.

ஹீன்பண்டாவிடம் கேட்டேன், வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று.

"உனக்கென்ன பைத்தியமா, மச்சான்? நம்ம ஊர்ல எவனாவது குடுத்திருக்கானா?"

இல்லைதான். அதற்காக?

மே 30

புது வெற்றிலை வாங்கிக்கொண்டு கவிஷ்க வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை. நாற்காலியில் வைத்தேன்.

"என்னை அடிச்சிருந்தா இத நான் வச்சிருப்பேன், தம்பி. மன்னிக்கச் சொல்லி நீ கேட்க வேண்டியது அவன்கிட்ட."

தகப்பன் குதித்தார். "இது என்ன பழக்கம்? வீடு தேடி வந்து அவமானப்படுத்துறீங்களா?"

பையன் தலை நிமிரவில்லை. "எனக்கும் இப்படித்தான் அடிச்சாங்க, மாமா. எல்லாம் முடிஞ்சபிறகு அவங்களே என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினாங்க. அதுதான் அன்புன்னு நினைச்சேன்."

"யாரு அடிச்சது? எப்ப?" என்று அவன் அம்மா கேட்டாள். இந்த அம்மாவும் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறாள் போல.

ஜூன் 3

பஸ் ஸ்டாண்டில் இருந்து எழுதுகிறேன்.

விசாரணைக்கு நீ அத்தையோடு வந்திருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஐயா கேட்டார், "வெற்றிலை வாங்கினது உண்மையா?"

"உண்மைதான், ஐயா. என்னுடையதில்லாத ஒண்ணை வாங்கிட்டேன். திருப்பிக் குடுத்திட்டேன். அவன் சொல்றதைக் கேளுங்க."

பிறகு நீ சொன்னாய். அந்தப் பேரையும் சொன்னாய், குரல் உடையாமல். நான்தான் தரையைப் பார்த்தேன். முடிவைப் பிறகு அறிவிப்பார்களாம்.

அத்தை குருநாகல் பஸ்ஸில் தனியாக ஏறிப் போனாள். நீ பஸ்கள் நிற்கும் பக்கம் நடந்தாய். எந்தப் பஸ்ஸுக்கு என்று கேட்கப் பயந்து இந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் என்றால், நம் ஊர் ரூட்டில் முன்பு ஒரு கண்டக்டர் இருந்தான், முழு முரடன். ஒருநாள் நடுரோட்டில் யானை நிற்கிறது. டிரைவர் நடுங்குகிறான். இவன் என்ன செய்தான் என்றால், டிக்கெட் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி, நேராக அந்த யானைக்கு முன்னால் போய்

"அப்பச்சி! அங்க என்ன எழுதிக்கிட்டு? நம்ம ஊர் பஸ் வெளிக்கிடுது, ரெண்டு சீட் பிடிச்சிட்டேன், ஓடி வாங்க!"

போய் நின்று, அதனிடம்