குளிர் வெளியேறும் வழி

வின்னிபெக், நவம்பர் 19

அன்புள்ள ஸ்தெஃபா,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? தெர்னோபிலில் பனி தொடங்கிவிட்டதா? நான் நலம். கிடங்கு வேலை முடிந்து வந்தால் பூட்ஸைக் கழற்றவே அரைமணி ஆகிறது, அவ்வளவுதான்.

என் அடித்தள அறை குளிர்கிறது, வசந்தம்வரை வராதே என்று எழுதியிருந்தேன் அல்லவா? நேற்று வீட்டுக்கார அம்மாள் மார்லீன் வந்து பார்த்தார். சுவரின் அடியிலிருந்த கம்பித் துவாரத்தை நான் போர்வையால் அடைத்து வைத்திருந்தேன். காற்றுப் பட்டால் கழுத்துப் பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

“அட வாத்தியாரே, அது குளிர் வர்ற வழி இல்ல, போற வழி! அதை அடைச்சுட்டா சூடு எப்படி உள்ள வரும்? ஆமா, பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடத்துனீங்க?”

“இயற்பியல்” என்றேன்.

சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போர்வையை எடுத்துவிட்டுத் துவாரத்தின் அருகே ஒரு காகிதத்தைக் காட்டினேன். கம்பியோடு போய் ஒட்டிக்கொண்டது. நெரிசல் பேருந்தில் யாரும் இறங்காவிட்டால் புதிதாக யார் ஏற முடியும், சொல். வெப்பக் காற்றும் அப்படித்தான். வெப்பக் காற்று வரும் கூரைத் துவாரத்தின் தகடுகளையும் தரைப்பக்கம் திருப்பிவிட்டோம். பதினான்கு டிகிரியாக இருந்த அறை இன்று காலை பத்தொன்பது.

ஆகவே டிசம்பரிலேயே வா. தரை இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு சோடி எடுத்துக்கொள். இங்கே நாற்காலி ஒன்றுதான். மார்லீனிடம் இன்னொன்று கேட்டிருக்கிறேன்.

நிறுத்தத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது. பயணச்சீட்டை ரத்து செய்திருந்தால் மறுபடி எடுத்துவிடு. வசந்தம் வெகு தூரம்.

உன் போஹ்தான்