வெட்டிய இரண்டு கட்டைகள்

டயகம,
2024 நவம்பர் 10, ஞாயிறு, காலை 6.40.
கிழக்குச் சுவரில் நான் நிறுத்தியவை பதினொரு கட்டைகள். இப்போது நிற்பவை ஒன்பது.

அன்புள்ள தனுஷன் அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். போனில் சொன்னால் "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீயும் வரப்போகும் அண்ணியும் தங்குவதற்காக நம் லயத்து வரிசை வீட்டோடு ஒட்டி நான் கட்டிய அறை அது. கல் வைத்துக் கட்டத் தேயிலைத் தோட்டத்தில் அனுமதியில்லை, மரச்சட்டமும் தகரமும்தான். வாசலை நான் பக்கச் சுவரில் வைத்தேன், அங்கே கூரையின் பாரம் இல்லை. புதுப்பெண் கிழக்கு வாசலால்தான் நுழைய வேண்டும் என்று பூசாரி சொன்னாராம். அப்பா உனக்குப் போன் எடுத்தார். நீ கொழும்பில் இருந்துகொண்டு "மாத்திடுங்கப்பா" என்றாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? மூன்று வருடமாக ஹட்டனில் இந்தக் கட்டட வேலையைத்தானே படிக்கிறேன்?

வியாழக்கிழமை நான் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து அப்பாவும் மூக்கன் மாமாவும் கிழக்குச் சுவரில் இரண்டு கட்டைகளை அறுத்தார்கள். என் பக்க வாசலைத் தகரத்தால் அடைத்துவிட்டு, அதன் கதவு நிலையை அந்த இடைவெளியில் செருகி ஆணி அடித்துவிட்டார்கள். மேலே பாரத்தை வாங்கும் குறுக்கு விட்டம் இல்லை. கூரையைத் தாங்குவதே அந்தச் சுவர்தான். திரும்பி வந்து பார்த்ததும் நான் கத்தினேன். "நீ படிச்சது பேப்பர்லடா. வீடு நிக்குதா இல்லையா, அதப் பாரு" என்றார் அப்பா. மாமா சிரித்தார்: "இஞ்சினியர் தொரைக்கு ஒரு டீ ஊத்துங்க."

நேற்று பின்னேரம் நல்ல மழை. அம்மா உள்ளே அண்ணிக்கென்று வாங்கிய படுக்கைவிரிப்பை விரித்துக்கொண்டிருந்தார். கூரை இறங்கி நிலையை அமுக்கிவிட்டது, கதவு அசையவில்லை. அப்பா தோளால் இடிக்க இடிக்க மேலே தகரம் முனகியது. நான்தான் அவரைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் பகடி வேறு: "விடுங்க, மருமக வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன். சோத்த மட்டும் ஜன்னல்ல நீட்டுங்க."

அந்த ஜன்னல் நான் வைத்தது. மேலே இரட்டை விட்டம், அதன் இரு முனைக்கும் கீழே தாங்குகட்டை. ஒரு விரலால் தள்ளியதும் திறந்தது. அம்மாவை அதன் வழியாகத்தான் இறக்கினோம். இன்று காலை பார்த்தால், அறுத்த கட்டைகளை அப்பா துடைத்து என் தச்சுச் சாமான் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றைக்கே உள்ளே முட்டுக் கொடுத்துக் கூரையைத் தூக்குவேன். வேறு யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது.
2. நிலையைக் கழற்றி, இரண்டு பக்கமும் தாங்குகட்டை நிறுத்துவேன்.
3. வாசல் கிழக்கிலேயே இருக்கும். பூசாரிக்காக இல்லை, அம்மாவுக்கு அப்படி ஆசை.
4. உன் கல்யாணம் முடியும்வரை மாமாவின் மரம் அறுக்கும் வாள் என்னிடம்தான் இருக்கும்.
5. வாசலுக்கு மேலே வைக்க வேண்டிய விட்டத்தைத் தனியாக ஏற்ற முடியாது. அப்பாவின் தோள் வீங்கியிருக்கிறது. முட்டு வருகிற சனிக்கிழமை வரை தாங்கும். ஒரு முனையை நான் பிடித்திருப்பேன். மற்ற முனைக்கு நீ வா, அண்ணா.

தம்பி,
ஜீவராஜ்