பெல்ட்டில் சுற்றிய துண்டு

மாமு,

இன்று காலை காட்டுப்பள்ளி துறைமுக லாரி வரிசையில் வெயிலேறியதும், நீ சீட் பெல்ட்டில் சுற்றித் தைத்த துண்டிலிருந்து உன் வியர்வை வாடை வந்தது. நீ கண்ணை மூடி இத்தனை மாதமாகியும் அதை நான் துவைக்கவில்லை. இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிய இந்த டிரெய்லரை இப்போது நான் ஒருவனே ஓட்டுகிறேன்.

உன் வலது மார்பில் வீக்கம் வந்தபோது நாம் பயப்படவேயில்லை. பெல்ட் போடாவிட்டால் துறைமுக வாசலில் விடமாட்டார்கள். நாள் முழுக்க அதை மாட்டியே கிடப்போம். அழுத்தி அழுத்திக் காய்ப்பு வருவது சகஜம் என்று வரிசையே சொன்னது. "பெல்ட்டு காய்ப்பு மாமு, இதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு" என்று துண்டை மடித்துத் தைத்தாய். அதன் கீழே கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

டோல்கேட் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில், கொழுப்புக் கட்டி என்று மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டார்கள். தழும்பு ஆறுவதற்குள் கல்லாட்டம் திரும்ப வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கேன்சர் விலா எலும்பு வரைக்கும் உள்ள இறங்கியிருக்கு. முன்னாடியே கிளறி விட்டுட்டாங்க. இனிமே சுத்தியிருக்கற நல்ல சதை, எலும்பு எல்லாம் சேர்த்து எடுத்தாதான் உண்டு" என்றார். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "அப்பால பெல்ட்டு போட முடியுமாம்மா?"

மூன்று விலா எலும்பை எடுத்து, வலையும் எலும்புக்கு வைக்கிற சிமெண்டும் வைத்து அடைத்து, முதுகுத் தசையைத் திருப்பி மூடினார்கள். கண் விழித்ததும் சிரித்தாய். "சிமெண்டு நெஞ்சு மாமு. இனிமே இன்னா வந்தாலும் தாங்கும்."

நான் நம்பினேன். கடவுளே, எவ்வளவு நம்பினேன்! எடுத்த சதையின் ஓரத்திலும் நோய் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கொஞ்ச நாளில் நுரையீரலுக்கும் போய்விட்டது. மறுபடி வெட்டிப் பயனில்லை என்று டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்துக் கெஞ்சினாயே, "இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்லு மாமு." யாரிடம் போய்ச் சொல்வேன்?

துண்டில் உன் கட்டி அழுத்திய இடம் இன்னும் குழிந்தே கிடக்கிறது. பெல்ட்டை மாட்டினால் அந்தக் குழி என் மார்பில் வந்து உட்காருகிறது. தடவிப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை.

இன்று முன்னால் நின்ற லாரிக்காரன் கீழே இறங்கி, என் பக்கம் திரும்பி நின்று சட்டையை விலக்கிச் சொறிந்தான். அதே இடம், அதே வீக்கம். இறங்கி ஓடி, "ஆஸ்பத்திரிக்கு வாடா" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. அவன் என் கையைத் தட்டிவிட்டு உன்னைப் போலவே சிரித்தான். "காய்ப்புதான் மாமு, வுடு."

வரிசை நகர்ந்து அவன் உள்ளே போய்விட்டான். நாளைக்கும் அந்த வாசலில் அவனுக்காக நிற்பேன்.