இமயமலையில் கிருத்திகை

நேற்று உன் அண்ணன் மகள் வந்திருந்தாள். கல்லூரியிலிருந்து வடக்கே ஏதோ மலை முகாமுக்குப் போகிறாளாம், ஸ்வெட்டர் வேண்டுமென்றாள். நம் ஊரில் வேறு யாரிடம் ஸ்வெட்டர் இருக்கும்? டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில், கம்பளியில் இன்னும் போகாத விறகுப் புகை வாசனை இருந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "அத்தையும் இது மாதிரிதான் போட்டுக்கினு போனாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது. இதற்கு முன் உனக்குக் கடிதம் எழுத அவசியம் வந்ததில்லை. பக்கத்துத் தெருவில்தானே இருந்தாய்.

யோசனை உன்னுடையது. பள்ளியில் நீ டிரில் டீச்சர், நான் பூகோளம், சரோஜா இந்தி. பள்ளிகளில் இந்தியை எடுத்துவிட்ட பிறகு சரோஜாவுக்குத் தையல் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். கோடை விடுமுறையில் ஆசிரியைகளை இமயமலைக்கு அழைத்துப்போய், சிகரம் ஏறுகிறவர்கள் தங்கும் அடிவார முகாம் வரை நடத்திக் கூட்டிவரும் ஒரு குழுவைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறாய். ஆசிரியைகள் அறைக்குள் நுழையும்போதே, "மூணு பேரும் போறோம்" என்றாய்.

"வருஷா வருஷம் போர்டுல பனியாறு வரையறியே, ஒரு வாட்டியாவது கண்ணால பாத்திருக்கியா?" என்று என்னைக் கேட்டாய். சரோஜாவிடம், "உன் இந்திக்கு இப்பதாம்மா வேலை வந்திருக்குது" என்றாய். அவள் தையலில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் மறுநாளே சேலைக்கு உள்ளே போட்டுக்கொள்ள மூன்று பைஜாமாவுக்கு அளவெடுத்தாள்.

உன் அண்ணன் ஒப்புக்கொண்டதுதான் பெரிய காரியம். அவர் தறியை விட்டு எழுந்திருக்காமலேயே பேசினார். "ஏரிக்கரையத் தவிர மேடு பாக்காத ஊர்ல பொறந்துட்டு உனுக்கு இமயமலையா?" என்றார். நீ நகராமல் நின்றாய். தறியை நிறுத்திவிட்டு, "போறதுன்னா முழுசா போய்ட்டு வரணும். பாதியில திரும்பி வந்தின்னா, அப்புறம் எங்கயும் போறேன்னு ஏங்கிட்ட வந்து கேக்கக் கூடாது. சம்மதமா?" என்றார். "சம்மதம்" என்று உடனே சொன்னாய். வெளியே வந்து என்னிடம், "முகாம் வரைக்கும் போயே ஆகணும்மா. இல்லன்னா பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடந்தே கிழவியாயிடுவேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

விடியற்காலையில் ஆளுக்கொரு மணல் பையை முதுகில் கட்டிக்கொண்டு சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றினோம். தெருவில் தறிக்கு நூல் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள், "மிலிட்டரி வருது, நூலு அறுந்துடப் போவுது, அந்தாண்ட போங்கம்மா" என்பார்கள். எனக்கும் சரோஜாவுக்கும் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும். நீ விசில் ஊதியபடி முன்னால் போவாய். மூவரில் ஒருவர்தான் முகாமைப் பார்க்க முடியுமென்றால் அது நீதான் என்று நாங்கள் நினைத்தோம்.

ரயில், மறுபடி ரயில், பஸ், பிறகு நடை. நடையெல்லாம் நன்றாகவே போயிற்று. கடைசி நாள் காலையில் தங்கும் குடிலில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். நீ தட்டைத் தொடவில்லை. டீயையும் வாங்கவில்லை. என்ன என்றதற்கு, "இன்னிக்கு வைகாசி கிருத்திகைம்மா" என்றாய்.

"இமயமலையிலயா?" என்றாள் சரோஜா.

"மலைன்னாலே முருகன்தானே. திருத்தணி படி ஏறும்போது சாப்ட்டுட்டா ஏறினோம்?"

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. சின்ன வயதிலிருந்து வெறும் வயிற்றோடு திருத்தணிப் படி ஏறியவர்கள்தானே நாங்களும். விளக்கு வைக்கும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பது உனக்குப் பழக்கம். திருத்தணியில் உனக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை.

மரங்கள் முடிந்து வெறும் புல்லும் கல்லுமான இடத்தில் ஒரு ஓடை குறுக்கே வந்தது. அதன் கரையில் நீ உட்கார்ந்துவிட்டாய். எழுந்தாய், நாலடி வைத்தாய், மறுபடி உட்கார்ந்து வாந்தியெடுத்தாய். உள்ளே ஒன்றும் இல்லாததால் வெறும் நீர்தான் வந்தது. வழிகாட்டி வந்து உன் உதட்டையும் நகத்தையும் பார்த்துவிட்டு சரோஜாவிடம் ஏதோ சொன்னார்.

"உடனே கீழ எறக்கணுமாம். இன்னும் மேல போனா ஆளயே தூக்கிக்கினுதான் வரணுமாம்" என்றாள் சரோஜா. பிறகு உன் பக்கம் திரும்பி, "முருகனே வந்து கேட்டாலும் நான் சொல்றேன், நீ இப்ப தண்ணி குடி" என்றாள். நீ தலையை ஆட்டி மறுத்தாய்.

நானும் கூட இறங்குகிறேன் என்றேன். "நீ போ" என்றாய். "மூணு பேரும் பாக்காம போனா எதுக்கு வந்தோம்? இவளுக்கு இந்தி தெரியும், இவ ஏங்கூட வரட்டும். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு." கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் குரல் டிரில் டீச்சர் குரல்.

பாஷை தெரியாத கூட்டத்தோடு நான் போனேன். முகாமுக்கும் போய்ச் சேர்ந்தேன். மாலையில் இறங்கி வந்தபோது, விளக்கு ஏற்றியாகிவிட்டதா என்று குடிலின் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். ஏற்றிய பிறகுதான் கஞ்சி குடித்தாய். டம்ளரை வைத்துவிட்டு, "மேல என்ன இருந்துது?" என்றாய்.

"கூடாரம் போட்டிருக்காங்க. தகர டப்பாவா கெடக்குது. பனியாறு வெள்ளையா இல்ல, கல்லும் மண்ணுமா கலந்து சாம்பல் நிறமா இருக்குது."

"போர்டுல வெள்ளையாத்தான வரைவே?"

"இனிமே மாத்திக்கறேன்."

திரும்பும் ரயிலில் நானும் சரோஜாவும் ஒரு முடிவுக்கு வந்தோம். மூவரும் முகாம் வரை போனோம் என்றே ஊரில் சொல்லிவிடுவது. உன்னிடமும் சொன்னோம். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

காஞ்சிபுரம் ஸ்டேஷனில் உன் அண்ணன் தெரு ஆட்கள் சிலரோடு நின்றுகொண்டிருந்தார். கையில் மாலை. "முழுசா போய்ட்டு வந்தியா?" என்றார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "இல்லண்ணா" என்றாய். "கிருத்திகை விரதத்தோட ஏறினேன். மயக்கம் வந்துருச்சு. ஓடையோட எறக்கிட்டாங்க. இவதான் மேல போய்ட்டு வந்தா."

அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "விரதத்த விட்டியா?" என்றார்.

"விடலை."

"தண்ணி?"

"வெளக்கு வச்சப்புறந்தான்."

அவர் பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களா? இமயமலையில போய் கிருத்திகை இருந்திருக்குது எந்தங்கச்சி." மாலை உன் கழுத்தில் விழுந்தது. பாதியில் திரும்பினால் என்று அவர் போட்ட நிபந்தனையைப் பிறகு அவரும் எடுக்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் குமரகோட்டத்து முருகனைப் பார்க்க வந்தவர்கள் உன்னை நிறுத்தி விசாரித்தார்கள். சிலர் திருநீறுகூட வாங்கிக்கொண்டார்கள். முகாமைப் பார்த்து வந்த என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ மட்டும் கேட்டாய். அடுத்த வருஷமே, "இன்னொரு கிருத்திகையும் அங்கியே இருந்துட்டு வா" என்றார் அண்ணன். நீ போகவில்லை. விடைத்தாள் திருத்தணும், காதுகுத்து வருது என்று ஏதாவது சொல்வாய். ஆனால் தனியாக இருக்கும்போது, "அந்த ஓடையத் தாண்டினதும் வழி எந்தப் பக்கம் திரும்புது?" என்பாய். நான் சொல்வேன். ஓடைக்கு அப்பால் வலது பக்கம் ஏற்றம். ஆட்டிடையர்கள் அடுக்கிய கல் சுவர். அதன் மறைவில் காற்று இல்லை. பிறகு சரளைக் கற்கள் சரியும் இடம். முகாம் வந்ததும், "அது தெரியும்" என்று நிறுத்திவிடுவாய்.

ஆஸ்பத்திரியில், எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்த நாளில், "அன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிருந்தா மேல போயிருப்பேன்ல?" என்று கேட்டாய்.

"போயிருப்பே" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா குடிச்சிருக்க மாட்டேன்" என்றாய். பிறகு, "சரி, ஓடையிலருந்து சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

முகாமில் எத்தனை கூடாரம் இருந்தது, யார் எனக்கு டீ கொடுத்தார்கள் என்பதெல்லாம் இப்போது எனக்கு மறந்துவிட்டது. நீ நடக்காத அந்த வழி மட்டும், உனக்கு அத்தனை தடவை சொன்னதால், கல் கல்லாக நினைவிருக்கிறது.